ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு இணையப் பக்கத்தில் உறுப்புகளை இடம் நிறுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இணையத்தள வடிவமைப்பைக் கற்கத் தொடங்கியவர்கள், எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் ஓரளவு கைக்குப் பழகிய பின்னர், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகின்றனர். பெட்டியொன்றைத் திரையில் தாம் நினைத்த இடத்தில் நிறுத்துவதே அந்த இடம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கு தரப்படுகின்றன. எல்லா விடைகளுக்கும் ஒரே பயிற்சிப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு நகரின் வரைபடம் ஒன்று. அதன் மீது புளியந்தீவுக் கோட்டை, கல்லடிப் பாலம், பாலமீன்மடு வெளிச்சவீடு, மாமாங்கேஸ்வரர் ஆலயம் ஆகியவற்றுக்கான குறிகள். குறியைத் தொட்டால் அதன் அருகே திறக்கும் குறிப்புப் பெட்டி. கட்டளைப் பெயர்கள் இங்கு ஒலிப்பின்படி தரப்பட்டுள்ளன; நிரலில் அவற்றை வழமைபோல ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும்.

வரைபடத்தின் மீது குறிகளை வைப்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் அவசியமா?

அவசியமில்லை. சிஎஸ்எஸ் இரண்டு வரியில் முடித்துவிடும் வேலைக்கு ஜாவாஸ்கிரிப்டில் முப்பது வரி எழுதியிருப்பதைப் பல தளங்களில் காணலாம் என்பதால், இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வரைபடப் படம் 1200 பிக்சல் அகலமும் 800 பிக்சல் உயரமும் கொண்டது என்றும், அதில் கல்லடிப் பாலம் இடது விளிம்பிலிருந்து 700 பிக்சலிலும் மேல் விளிம்பிலிருந்து 420 பிக்சலிலும் இருக்கிறது என்றும் கொள்வோம். இந்த எண்களை அப்படியே குறிக்குக் கொடுத்தால், படம் கைத்தொலைபேசியில் சுருங்கும்போது பாலத்தின் குறி வாவியை விட்டுக் கரையேறிவிடும். பிறகு படத்தின் அகலம் மாறும்போதெல்லாம் எண்களைத் திருத்த ஒரு சார்பு (‘ஃபங்ஷன்’) எழுத நேரிடும். அதற்குப் பதிலாக 700ஐ 1200ஆல் வகுத்து 58.33 வீதம் என்றும், 420ஐ 800ஆல் வகுத்து 52.5 வீதம் என்றும் ‘லெஃப்ட்’, ‘டொப்’ பண்புகளுக்குக் கொடுத்தால், படம் எந்த அளவுக்குச் சுருங்கினாலும் விரிந்தாலும் குறி பாலத்தின் மேலேயே நிற்கும். குறியின் கூர்முனை சரியாக அந்தப் புள்ளியைத் தொட வேண்டுமாயின் ‘ட்ரான்ஸ்லேட்’ மூலம் குறியைத் தன் அகலத்தில் பாதி இடப்புறமும் தன் உயரம் முழுவதும் மேற்புறமும் நகர்த்திவிடலாம். இதில் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட இல்லை.

அளந்து பார்த்தாலன்றித் தெரியாத ஒன்றைச் சார்ந்து இடம் தீர்மானிக்கப்படும்போதே ஜாவாஸ்கிரிப்ட் உள்ளே வர வேண்டும். பயனர் எங்கே தொட்டார், திறக்கும் குறிப்புப் பெட்டி எவ்வளவு பெரியது, திரையின் ஓரத்துக்கு இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பன அத்தகையவை. அளப்பது ஜாவாஸ்கிரிப்டின் வேலை, இருத்துவது இயன்றவரை சிஎஸ்எஸ்ஸின் வேலை என்று பிரித்துக்கொண்டால் நிரல் சிறியதாகும்.

‘ஸ்டைல்.லெஃப்ட்’ என்பதற்கு 100 என்று கொடுத்தேன். பெட்டி அசையவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் அலகு இல்லாமையே காரணம். 100 என்பது வெறும் எண். ‘பிஎக்ஸ்’ என்ற அலகைச் சேர்த்து, மேற்கோள் குறிக்குள் எழுதும் சரமாகக் கொடுத்தால்தான் உலாவி அதை ஏற்கும். அலகற்ற பெறுமானத்தை உலாவி எதுவும் சொல்லாமல் ஒதுக்கிவிடுவதால், பிழை எங்கே என்று தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. பூச்சியத்துக்கு மட்டும் அலகு தேவையில்லை.

அலகு சரியாக இருந்தும் அசையவில்லையாயின், அந்த உறுப்பின் ‘பொசிஷன்’ பண்பைப் பாருங்கள். எதுவும் குறிப்பிடாதவிடத்து அது ‘ஸ்டட்டிக்’ ஆகவே இருக்கும். அந்நிலையில் ‘லெஃப்ட்’, ‘டொப்’ ஆகியவற்றால் எந்த விளைவும் இல்லை.

இதனோடு சேர்ந்த இன்னொரு குழப்பமும் உண்டு. ‘ஸ்டைல்.லெஃப்ட்’ஐ வாசித்தால் வெற்றுச் சரம் வருகிறது என்பார்கள். அந்தப் பண்பு, உறுப்பின் மீதே எழுதப்பட்ட பெறுமானத்தை மட்டும் தரும். சிஎஸ்எஸ் கோப்பில் எழுதியது அதில் தெரியாது. அதனை அறிய ‘கெட்கொம்பியூட்டட்ஸ்டைல்’ வேண்டும்.

‘அப்சொலூட்’ கொடுத்த பெட்டி எங்கிருந்து அளக்கப்படுகிறது?

காணி உறுதியில் ‘கிழக்கே முப்பது முழம்’ என்று மட்டும் எழுதி, எந்த எல்லைக்கல்லிலிருந்து என்று எழுதாமல் விட்டால் வழக்குத்தான் மிஞ்சும். இடம் நிறுத்துதலில் வரும் சிக்கல்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. எண் சரியாகவே இருக்கும். எந்த மூலையிலிருந்து அளந்த எண் என்பதே பிழைத்திருக்கும்.

‘அப்சொலூட்’ உறுப்பு, தன்னை உள்ளடக்கிய உறுப்புகளில் மேல்நோக்கித் தேடி, ‘ஸ்டட்டிக்’ அல்லாத ‘பொசிஷன்’ கொண்ட முதலாவது உறுப்பைத் தன் எல்லையாகக் கொள்கிறது. அப்படியொன்றும் இல்லையெனில் பக்கத்தின் தொடக்க மூலையிலிருந்து அளக்கப்படும். ஆகவே குறிகளை உள்ளடக்கும் வரைபடப் பெட்டிக்கு ‘ரிலேட்டிவ்’ கொடுக்க மறந்தால், கோட்டையும் ஆலயமும் பக்கத்தின் தலைப்புக்கு மேல் போய் நிற்கும்.

இரண்டு நுணுக்கங்களைக் கவனத்தில் வைக்க வேண்டும். எல்லையாகும் பெட்டியின் கரைக்கோட்டுக்கு உட்புற விளிம்பிலிருந்தே அளவு தொடங்குகிறது. வரைபடத்துக்கு 4 பிக்சல் தடிப்பில் கரை போட்டிருந்தால், அந்த நான்கு பிக்சல் உங்கள் கணக்கில் எங்காவது தலைகாட்டும். மற்றையது, ‘ட்ரான்ஸ்ஃபோர்ம்’ அல்லது ‘ஃபில்டர்’ கொடுக்கப்பட்ட உறுப்பும், ‘பொசிஷன்’ எதுவும் இல்லாமலேயே, எல்லையாகிவிடும். திரையோடு ஒட்டி நிற்க வேண்டிய ‘ஃபிக்ஸ்ட்’ உறுப்பைக்கூட அது பிடித்துக்கொள்கிறது. ‘ஃபிக்ஸ்ட்’ கொடுத்தும் பெட்டி பக்கத்தோடு சேர்ந்து உருள்கிறது என்று யாராவது சொன்னால், முதலில் அதன் தாய்ப்பெட்டிகளில் ‘ட்ரான்ஸ்ஃபோர்ம்’ இருக்கிறதா என்று பார்ப்பேன்.

‘கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட்’ ஓர் எண்ணையும் ‘ஒஃப்செட்லெஃப்ட்’ வேறோர் எண்ணையும் தருகின்றன. எதை நம்புவது?

இரண்டும் உண்மையே, இரண்டும் வெவ்வேறு மூலைகளிலிருந்து அளக்கின்றன. முன்னையது, இந்தக் கணத்தில் திரையில் தெரியும் பகுதியின் இடது மேல் மூலையை உற்பத்தியாக, அதாவது தொடக்கப் புள்ளியாக, கொண்டு அளக்கிறது. பக்கத்தை உருட்டினால் அதன் எண்கள் மாறும். உறுப்பு திரைக்கு மேலே போய்விட்டால் ‘டொப்’ மறையெண்ணாகும். தசமப் பெறுமானங்களும் வரும். ‘ட்ரான்ஸ்ஃபோர்ம்’ செய்த பிறகு கண்ணுக்குத் தெரியும் அளவையே அது கூறும். பின்னையது, ‘ஒஃப்செட்பேரன்ட்’ எனப்படும் தாய்ப்பெட்டியிலிருந்து அளக்கிறது, முழுவெண்ணாகத் தருகிறது, ‘ட்ரான்ஸ்ஃபோர்ம்’மைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள் என்பதே என் அறிவுரை. ஒன்றைத் தெரிவுசெய்வதானால் முன்னையதைத் தெரிவுசெய்து, எல்லா உறுப்புகளையும் அதனாலேயே அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். கழிக்கும்போது பொதுவான உற்பத்தி தானாகவே நீங்கிவிடும்.

சாதாரண தரக் கணிதத்தில் வரைபு கீறிப் பழகியவர்களுக்கு ஒரு சொல்: திரையில் நிலைக்குத்து அச்சு கீழ்நோக்கியே வளர்கிறது. ‘டொப்’பைக் கூட்டினால் பெட்டி கீழே இறங்கும்.

தொட்ட இடத்திலேயே குறிப்புப் பெட்டி திறக்க வேண்டும். நிகழ்வில் நான்கு வகையான ஆள்கூறுகள் வருகின்றனவே?

‘கிளையன்ட்எக்ஸ்’ திரையில் தெரியும் பகுதியிலிருந்தும், ‘பேஜ்எக்ஸ்’ பக்கத்தின் தொடக்கத்திலிருந்தும், ‘ஸ்கிரீன்எக்ஸ்’ கணினித் திரையின் மூலையிலிருந்தும், ‘ஒஃப்செட்எக்ஸ்’ தொடப்பட்ட உறுப்பிலிருந்தும் அளக்கப்படுகின்றன. பார்த்தவுடன் ‘ஒஃப்செட்எக்ஸ்’ வசதியாகத் தெரியும். ஆனால் பயனரின் விரல் வரைபடத்தில் படாமல் அதன் மேலுள்ள குறியொன்றில் பட்டால், அந்தக் குறியின் மூலையிலிருந்து அளந்த எண் வந்துவிடும். பெட்டி எங்கோ ஒரு மூலையில் திறக்கும். எனவே ‘கிளையன்ட்எக்ஸ்’, ‘கிளையன்ட்வய்’ ஆகியவற்றையே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. மேலே கூறிய ‘கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட்’ (சுருக்கமாக ‘ரெக்ட்’) அளவீடும் அதே மூலையிலிருந்து தொடங்குவதால் இரண்டும் பொருந்தும்.

ஒருமுறை எண்களோடு செய்து பார்ப்போம். பயனர் தொட்ட இடம் கிடையாக 512, நிலைக்குத்தாக 300. வரைபடத்தின் ‘ரெக்ட்’ இடது 96, மேல் −150. பக்கம் உருட்டப்பட்டிருப்பதால் வரைபடத்தின் மேல் விளிம்பு திரைக்கு வெளியே இருக்கிறது. கரைக்கோடு 4. அப்போது ‘லெஃப்ட்’ 512 − 96 − 4 = 412. ‘டொப்’ 300 + 150 − 4 = 446. மறையெண்ணைக் கழிப்பதால் அது கூட்டலாகிறது. பக்கம் எவ்வளவு உருண்டிருந்தது என்பதை வேறாகச் சேர்க்க வேண்டியதே இல்லை. கரைக்கோட்டின் தடிப்பைக் கையால் எழுதாமல் ‘கிளையன்ட்லெஃப்ட்’, ‘கிளையன்ட்டொப்’ ஆகியவற்றிலிருந்து வாசித்துக்கொள்ளலாம். வரைபடப் பெட்டி தனக்குள்ளேயே உருளக்கூடியதாயின், அதன் ‘ஸ்க்ரோல்லெஃப்ட்’, ‘ஸ்க்ரோல்டொப்’ ஆகியவற்றைக் கூட்ட வேண்டும்.

வரைபடத்தைப் பெரிதாக்கும் வசதிக்கு ‘ஸ்கேல்’ பயன்படுத்தியிருந்தால் இன்னொரு படி இருக்கிறது. ‘ரெக்ட்’ தருவது பெரிதாக்கிய பின்னுள்ள அளவு. நீங்கள் எழுதும் ‘லெஃப்ட்’ பெரிதாக்குவதற்கு முன்னுள்ள அளவு. ‘ரெக்ட்’ அகலத்தை ‘ஒஃப்செட்வித்’தால் வகுத்தால் பெருக்க விகிதம் கிடைக்கும், ‘ரெக்ட்’ விளிம்பைக் கழித்து வந்த தூரத்தை முதலில் அதனால் வகுத்து, கரைக்கோட்டைப் பிறகு கழியுங்கள்.

குறிப்புப் பெட்டி திரையின் ஓரத்தில் வெட்டுப்படுகிறது. என்ன செய்வது?

360 பிக்சல் அகலமுள்ள கைத்தொலைபேசித் திரையில், குறி 310 பிக்சலில் இருக்கிறது. 220 பிக்சல் அகலமுள்ள பெட்டியை அதற்கு நடுவாக நிறுத்த வேண்டும். 310இலிருந்து 110ஐக் கழித்தால் பெட்டியின் இடது விளிம்பு 200. வலது விளிம்பு 420. அறுபது பிக்சல் திரைக்கு வெளியே போய்விட்டது. ஓரத்தில் 8 பிக்சல் இடைவெளி விட விரும்பினால், இடது விளிம்பு 360 − 220 − 8 = 132ஐத் தாண்டக்கூடாது. ‘மத்.மின்’ மூலம் இந்த மேல் எல்லையையும், ‘மத்.மக்ஸ்’ மூலம் 8 என்ற கீழ் எல்லையையும் விதித்துவிட்டால் போதும். பெட்டியிலிருந்து குறியை நோக்கும் சிறிய அம்புமுனை இருக்குமாயின் அதை நடுவில் விட்டுவைக்காதீர்கள்; அது 310 − 132 = 178 பிக்சலில் நிற்க வேண்டும். பெட்டியை நகர்த்திவிட்டு அம்பை மறந்த பக்கங்கள் ஏராளம்.

மேலேயோ கீழேயோ இடம் போதாதபோது நெருக்கிக்கொண்டு வருவதைவிடப் பெட்டியைப் புரட்டிவிடுவதே நல்லது. குறிக்கு மேலே உள்ள இடம் பெட்டியின் உயரத்தைவிடக் குறைவாயின் கீழே திறக்கவும். இரு பக்கமும் போதாவிட்டால் எந்தப் பக்கம் அதிக இடம் உண்டோ அங்கே திறந்து, பெட்டிக்குள் உருட்ட விடவும்.

இந்தக் கணக்கைக் கெடுக்கும் மறைவான காரணம் ஒன்று உண்டு. அகலம் குறிப்பிடாத ‘அப்சொலூட்’ பெட்டி, தன் ‘லெஃப்ட்’ இலிருந்து தாய்ப்பெட்டியின் வலது விளிம்பு வரை எஞ்சிய இடத்துக்குள் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். 300இல் நிறுத்தி அளந்தால், மிச்சம் 60 பிக்சல்தான் என்று கண்டு, எழுத்துகளை ஒவ்வொரு சொல்லாகக் கீழே கீழே மடித்து ஒல்லியாக நிற்கும். நீங்கள் அளந்த அகலமும் உயரமும் அப்போது பொய்யாகின்றன. அகலத்துக்கு ‘மக்ஸ்-கொன்டென்ட்’ என்றும், ‘மக்ஸ்-வித்’துக்கு 220 பிக்சல் என்றும் கொடுத்தால் அது எங்கே நின்றாலும் ஒரே அளவாக இருக்கும்.

பெட்டியை அளந்தால் அகலமும் உயரமும் பூச்சியமாக வருகின்றனவே?

‘டிஸ்ப்ளே நன்’ கொடுத்து மறைத்த பெட்டிக்கு அளவு கிடையாது. ‘விசிபிலிட்டி ஹிடன்’ கொடுத்து அளந்து, இருத்தி, பிறகு காட்டவும். இவை மூன்றும் ஒரே சார்புக்குள் நடந்தால் பயனர் கண்ணுக்கு எந்தத் துள்ளலும் தெரியாது.

ஆங்கிலத்தில் சரியாக இருந்த பெட்டி தமிழில் சிதறுகிறது. ஏன்?

எங்கள் பகுதியில் தளங்கள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மும்மொழியில் கேட்கப்படுவது வழமை என்பதால், இது எப்போதோ வரும் சிக்கலாக இல்லாமல் நாளாந்தச் சிக்கலாகவே இருக்கிறது. ‘கோட்டை’ என்ற பெயருக்கு ஏற்ற பெட்டியில் ‘அமிர்தகழி ஸ்ரீ மாமாங்கேஸ்வரர் ஆலயம்’ அடங்காது. பெயரோடு ‘போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய இக்கோட்டை 1638இல் ஒல்லாந்தர் வசமாயிற்று’ என்பது போன்ற வரியொன்றும் சேர்ந்தால் பெட்டி இன்னும் வளரும். ஆகவே அகலத்தையும் உயரத்தையும் நிரலில் எண்ணாக எழுதிவைப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். குறிப்பாக உயரத்தை எழுதக்கூடாது. விசிறிகள் மேலும் உகரச் சுழிகள் கீழுமாக நீளும் தமிழ் எழுத்து, ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரத்தில் தலையும் காலும் வெட்டுப்பட்டு நிற்கும். இடைவெளியின்றி நீளும் சொற்கள் பெட்டிக்கு வெளியே போகாமல் ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ பண்பைக் கொடுத்துவையுங்கள்.

அளவைக் கெடுக்கும் மற்றைய காரணம் எழுத்துரு. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவை இணையத்திலிருந்து இறக்கும் பக்கத்தில், அது வந்து சேரும் வரை சாதனத்திலுள்ள எழுத்துருவே காட்டப்படலாம். அந்த இடைவேளையில் நீங்கள் அளந்துவிட்டால், எழுத்துரு மாறியதும் பெட்டியின் அகலம் மாறி, நடுவில் நின்றது ஒருபக்கம் சாயும். வேகமான இணைப்பில் சோதிக்கும் நிரலாளருக்கு இது தென்படாது. இணைப்பு மந்தமான இடத்திலிருந்து பார்ப்பவருக்கே தென்படும். ‘டொக்கியுமென்ட்.ஃபொன்ட்ஸ்.ரெடி’ நிறைவேறிய பின் அளப்பது ஒரு வழி. அதைவிட உறுதியானது, ‘ரீசைஸ்ஒப்சர்வர்’ ஒன்றைப் பெட்டியின் மீது வைத்து, காரணம் எதுவாயினும் அளவு மாறும்போதெல்லாம் இடத்தை மீண்டும் கணிப்பது. படங்களுக்கு ‘வித்’, ‘ஹைட்’ இரண்டையும் எச்டிஎம்எல்லிலேயே கொடுத்துவிட்டால், அவை தாமதமாக வந்து பக்கத்தைக் கீழே தள்ளுவதும் நின்றுவிடும்.

ஒரு சொல்லின் மீதோ எழுத்தின் மீதோ அடையாளம் இட முடியுமா?

முடியும். ‘ரேஞ்ச்’ ஒன்றை உருவாக்கி, தொடக்கத்தையும் முடிவையும் கொடுத்து, அதன் ‘கெட்கிளையன்ட்ரெக்ட்ஸ்’ஐக் கேட்டால் அந்தச் சொல் நிற்கும் பெட்டிகள் கிடைக்கும். சொல் இரண்டு வரிகளில் மடிந்திருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகள் வரும்.

தமிழில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. ‘மட்டக்களப்பு’ என்ற சொல்லில் நாம் எட்டு எழுத்துகளை எண்ணுவோம்; ஜாவாஸ்கிரிப்டின் ‘லெங்த்’ 12 என்று சொல்லும். புள்ளிகளையும் உகரக் குறியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. ‘கொ’வில் உள்ள குறி மெய்க்கு இருபுறமும் வரையப்படுவதால், அதன் நடுவில் ‘ரேஞ்ச்’சை வெட்டினால் கிடைக்கும் பெட்டிக்குப் பொருளே இல்லை. ‘இன்ட்ல்.செக்மென்டர்’ கொண்டு முதலில் எழுத்தெழுத்தாகப் பிரித்து, அந்த எல்லைகளிலேயே ‘ரேஞ்ச்’சை வைக்கவும். ‘க்ஷ’ மட்டும் அதில் ‘க்’, ‘ஷ’ என இரண்டாகவே பிரியும். அதற்கு நீங்களே ஒரு விதி சேர்க்க வேண்டியிருக்கும்.

உருட்டும்போது குறிப்புப் பெட்டி திக்கித் திக்கிப் பின்னால் வருகிறது. சீராக்குவது எப்படி?

பெட்டியை வரைபடத்துக்கு உள்ளேயே வைத்தால் அது வரைபடத்தோடு தானாகவே உருளும். துரத்திக்கொண்டு ஓட வேண்டிய தேவையே இராது. பக்கத் தலைப்பு திரையின் உச்சியில் ஒட்டிக்கொள்ள வேண்டுமாயின் ‘ஸ்டிக்கி’ போதும்.

துரத்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில், அளப்பதையும் எழுதுவதையும் கலக்காமலிருப்பதே முதல் விதி. இருபது குறிகளைச் சுற்றி வரும் சுழற்சியில், ஒரு குறியின் ‘ஒஃப்செட்வித்’தை வாசித்து உடனே அதன் ‘லெஃப்ட்’டை எழுதி, அடுத்த குறிக்குப் போய் மீண்டும் வாசித்தால், ஒவ்வொரு வாசிப்பின்போதும் உலாவி பக்கத்தின் தளவமைப்பைப் புதிதாகக் கணிக்க நேரிடும். இருபதையும் முதலில் வாசித்துவிட்டு, பிறகு இருபதையும் எழுதினால் ஒரே கணிப்பில் முடிந்துவிடும். எழுதும் பகுதியை ‘ரிக்குவெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம்’முக்குள் வையுங்கள், வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு தடவைக்கும் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிவினாடிதான். அசைவுக்கு ‘லெஃப்ட்’, ‘டொப்’ ஆகியவற்றுக்குப் பதிலாக ‘ட்ரான்ஸ்லேட்’டைப் பயன்படுத்தினால் தளவமைப்புக் கணிப்பே தேவைப்படாது. மலிவான அண்ட்ரொயிட் தொலைபேசியில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். சோதிப்பதானால் அதில் சோதியுங்கள்.

குறியை விரலால் இழுத்து நகர்த்தச் செய்வது எப்படி?

சுட்டிக்கு ஒன்று, தொடுகைக்கு ஒன்று என இரட்டை நிரல் எழுதும் காலம் போய்விட்டது. ‘பொயின்டர்டவுன்’, ‘பொயின்டர்மூவ்’, ‘பொயின்டர்அப்’ நிகழ்வுகள் இரண்டுக்கும் பொதுவானவை. அழுத்திய கணத்தில், குறியின் மூலைக்கும் விரலுக்கும் உள்ள இடைவெளியைச் சேமித்துக்கொண்டு, நகரும்போது அதைக் கழிக்கவும். இல்லையேல் தொட்டவுடன் குறி துள்ளி விரலுக்குக் கீழே வந்துவிடும். ‘செட்பொயின்டர்கப்ச்சர்’ கொடுத்தால், விரல் குறியைத் தாண்டி வேகமாக ஓடினாலும் நிகழ்வுகள் குறிக்கே வரும். குறிக்கு ‘டச்-அக்‌ஷன் நன்’ கொடுக்காவிட்டால் உலாவி அந்த இழுப்பைப் பக்கம் உருட்டுவதாக எடுத்துக்கொண்டு, ‘பொயின்டர்கன்சல்’ அனுப்பி உங்கள் இழுப்பைப் பாதியில் நிறுத்திவிடும். இந்தக் கட்டளையைக் குறிக்கு மட்டும் கொடுங்கள். முழு வரைபடத்துக்கும் கொடுத்தால் பயனர் பக்கத்தை உருட்ட வழியின்றி வரைபடத்துக்குள் அகப்பட்டுவிடுவார்.

‘இசட்-இன்டெக்ஸ்’ 9999 கொடுத்தும் பெட்டி கீழேதான் கிடக்கிறது.

கல்லடியில் 1924ஆம் ஆண்டின் பழைய பாலமும் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே இருப்பதால், சிறிய வரைபடத்தில் இரண்டின் குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. பழைய பாலத்தின் குறிக்குள் அதன் குறிப்புப் பெட்டியை வைத்து, அந்தக் குறிக்கு ‘ட்ரான்ஸ்ஃபோர்ம்’ கொடுத்திருந்தால், அக்குறி தனியோர் அடுக்காகிவிடும். 9999 என்ற எண் அந்த அடுக்குக்குள் மட்டுமே செல்லுபடியாகும். பின்னால் வரும் புதிய பாலத்தின் குறி முழு அடுக்கையும் மூடிவிடும். ‘ஒபாசிட்டி’ ஒன்றுக்குக் குறைந்தாலும் இதே விளைவுதான். எண்ணை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. குறிப்புப் பெட்டியைக் குறிகளுக்கு வெளியே எடுத்து, வரைபடத்தின் கடைசிப் பிள்ளையாக வைக்கவும். அல்லது ‘பொப்ஓவர்’ பண்பைக் கொடுக்கவும். பொப்ஓவர் பெட்டி எல்லா அடுக்குகளுக்கும் மேலே தனியாகக் காட்டப்படும். ‘ஓவர்ஃப்ளோ ஹிடன்’ கூட அதை வெட்டாது.

தொலைபேசியில் விசைப்பலகை மேலெழும்போது, கீழே நிறுத்திய பொத்தான் மறைந்துவிடுகிறது.

அறுகம்பேயில் தங்குமிட முன்பதிவுக்குப் படிவம் செய்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல் இது. வெளிநாட்டுப் பயணிகள் பலர் ஐபோனில் பார்ப்பதால் முறைப்பாடும் உடனே வரும். ஐபோன் சஃபாரியில் விசைப்பலகை எழும்போது, கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே சுருங்குகிறது. ‘ஃபிக்ஸ்ட்’ உறுப்புகள் சார்ந்திருக்கும் பகுதி சுருங்குவதில்லை. குரோமும் அண்ட்ரொயிட்டில் 108ஆம் பதிப்பிலிருந்து இவ்வாறே நடந்துகொள்கிறது. உண்மையில் தெரியும் பகுதியின் உயரத்தை ‘விஷுவல்வியூபோர்ட்’ தரும். அதன் ‘ரீசைஸ்’ நிகழ்வைக் கேட்டு, உயரத்துக்கும் ‘ஒஃப்செட்டொப்’புக்கும் ஏற்பப் பொத்தானை உயர்த்தலாம். ஆனால் பொத்தானைப் படிவத்தின் முடிவில் சாதாரணமாகவே விட்டுவிடுவது இதைவிட எளிது. எல்லாப் பொத்தானும் திரையோடு ஒட்டி நிற்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

பெட்டியைக் குறியோடு கட்டிவைக்க சிஎஸ்எஸ்ஸிலேயே வழி வந்துவிட்டதாமே?

வந்துவிட்டது. ‘அங்கர் பொசிஷனிங்’ எனப்படும் அந்த வசதி குரோமில் 2024இல் 125ஆம் பதிப்பிலும், சஃபாரியில் 2025இல் 26ஆம் பதிப்பிலும் சேர்ந்தது. குறிக்கு ‘அங்கர்-நேம்’ கொடுத்து, பெட்டிக்கு ‘பொசிஷன்-ஏரியா’ மூலம் மேலே நிற்கச் சொல்லி, இடமில்லாதபோது புரளும்படி ‘பொசிஷன்-ட்ரை-ஃபோல்பக்ஸ்’ கொடுத்தால், ஓரத்தில் வெட்டுப்படுவதற்காக மேலே நாம் செய்த கணக்கின் பெரும்பகுதியை உலாவியே செய்துகொள்ளும். பழைய தொலைபேசிகள் இன்னும் பாவனையில் உள்ளதால், ‘சப்போர்ட்ஸ்’ விதியால் சோதித்து, வசதி இல்லாத உலாவிக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கணக்கை ஓடவிடவும். அந்தக் கணக்கைத் தாமே எழுத விரும்பாதவர்களுக்கு ஃபுளோட்டிங் யுஐ என்ற ஆயத்த நிரல் நூலகம் இருக்கிறது.

பழைய நிரல்களில் ‘டொக்கியுமென்ட்.ஆல்’, ‘லேயர்’ என்றெல்லாம் வருகின்றன. அவற்றைக் கற்க வேண்டுமா?

வேண்டாம். 1997இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4உம் நெட்ஸ்கேப் 4உம் ஆளுக்கொரு வழியில் சென்ற காலத்தின் மிச்சங்கள் அவை. அவற்றைக் கண்டால் அந்த நிரலைத் திருத்த முயலாமல் புதிதாக எழுதுவதே குறைந்த வேலை.

அச்சிட்டால் குறிப்புப் பெட்டிகள் தாறுமாறாக நிற்கின்றன.

வீதத்தில் நிறுத்திய குறிகள் தாளிலும் தம் இடத்திலேயே நிற்கும். பிக்சலில் கணித்து நிறுத்திய பெட்டிகள், திரையின் அகலத்துக்குக் கணித்த இடத்தையே தாளின் அகலத்துக்கும் கொண்டுபோகும். தாளுக்காக மீண்டும் கணிக்க முயலாமல், ‘மீடியா பிரின்ட்’ விதியில் பெட்டிகளை மறைத்து, குறிகளுக்கு இலக்கமிட்டு, குறிப்புகளை வரைபடத்தின் கீழே சாதாரணப் பட்டியலாக அச்சில் மட்டும் காட்டவும். அதே பட்டியலைத் திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கும் வைத்திருக்கலாம்.